வரைபடத்தில் நம் கரை

ஆசிரியருக்கு,

முல்லைத்தீவுப் பிள்ளைகளுக்குக் கடலரிப்பைக் கோட்டுப்படம் கீறித்தான் விளங்கப்படுத்துகிறோம். கரையோ கூப்பிடு தூரத்தில். கூகுள் ஏர்த்தில் பழைய செய்மதிப் படங்களை ஆண்டாண்டாக நகர்த்திப் பார்க்கலாம், காசும் தேவையில்லை. வட்டுவாகலில் நந்திக்கடல் களப்பு கடலோடு சேரும் முகத்துவாரம் ஒரு படத்தில் மணல் மூடிக் கிடக்கும், இன்னொன்றில் திறந்திருக்கும். மாரியில் அதை ஏன் வெட்டிவிடுகிறார்கள் என்று கேளுங்கள், மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகள் ஆசிரியருக்கே பாடம் எடுப்பார்கள்!

அடுத்தது உயரம். வீடு, பாடசாலை, கோயில், மேட்டுப்பக்கம் போகும் பாதை எல்லாம் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீற்றர் என்று பிள்ளைகளே பார்த்துக் குறிக்கட்டும். அந்தக் கணக்கு சில மீற்றர் பிசகலாம் என்பதையும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். இப்படித் தாழ்ந்த கரையில் அது சின்ன விஷயமில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமித் தண்ணீர் எதுவரை ஏறியது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, அதையும் அதே வரைபடத்தில் போடலாம். இன்று தரம் 10, 11 படிப்பவர்கள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள்.

இணையம் இழுபடும் பாடசாலைகளுக்கு வலயக் கல்வி அலுவலகங்கள் படங்களை முன்கூட்டியே எடுத்துக் கொடுத்தால் சரி.

புவியியல் ஆசிரியர் ஒருவர்,
முல்லைத்தீவு.