விமானத்தில் சொன்னதெல்லாம் விசுவாசக் கோட்பாடு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

திருத்தந்தை (போப்) விமானத்தில் செய்தியாளர்களிடம் ஏதாவது சொன்னால் போதும், ‘கத்தோலிக்கர் இனி இதைத்தான் நம்ப வேண்டும்’ என்று மறுநாளே தலைப்பு வந்துவிடுகிறது. மறைக்கல்வி வகுப்பு எடுக்கும் எனக்கு அந்த வாரம் அதற்கு விளக்கம் சொல்வதிலேயே போய்விடும்.

போப் தவறே செய்யமாட்டார் என்று கத்தோலிக்கத் திருச்சபை எங்கும் போதிக்கவில்லை. 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம் (ஆயர்களின் பொதுப் பேரவை) வரையறுத்த வழுவாவரத்தின், அதாவது போதனையில் தவறாத வரத்தின், எல்லை மிகக் குறுகியது. அனைவருக்கும் மேய்ப்பர் என்ற முறையில், விசுவாசம் அல்லது ஒழுக்கம் பற்றிய ஒரு போதனையைத் திருச்சபை முழுவதும் ஏற்கவேண்டிய இறுதி முடிவாக அவர் அறிவிக்கும்போது மட்டுமே அது பொருந்தும். அதன்பின் அப்படி வந்தது, மரியாவின் விண்ணேற்பு குறித்துப் பன்னிரண்டாம் பயஸ் 1950இல் அறிவித்தது ஒன்றுதான். பேட்டி, மறையுரை, அரசியல் கருத்து எதுவும் இந்தக் கணக்கில் வராது.

மறையுரையில் சறுக்கிய திருத்தந்தையும் உண்டு. புனிதர்களின் ஆன்மாக்கள் இறுதித் தீர்ப்பு வரை கடவுளை நேரில் காண்பதில்லை என்று இருபத்திரண்டாம் யோவான் பிரசங்கித்தார். இறையியலாளர்கள் வாய்மூடி இருக்கவில்லை, கடுமையாக எதிர்த்தார்கள். 1334இல் மரணப்படுக்கையில் அவர் அக்கருத்தைக் கைவிட்டார். அடுத்து வந்த பன்னிரண்டாம் பெனடிக்ட் 1336இல் அதற்கு நேர்மாறாகவே வரையறுத்தார். வழுவாவரம் என்றால் பாவமே செய்யாதவர் என்றும் பொருளல்ல: 2014இல் புனித பேதுரு பேராலயத்தில் மற்றவர்களின் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்க வந்த திருத்தந்தை பிரான்சிஸ், அதற்கு முன் எல்லோரும் பார்க்க தம் பாவங்களை அறிக்கையிட இன்னொரு குருவிடம் போய் மண்டியிட்டார்.

‘அப்படியானால் மற்றதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாமா?’ என்று பிள்ளைகள் உடனே மடக்குவார்கள். வேண்டும். சாதாரணப் போதனைக்கும் மனத்தாலும் அறிவாலும் பணிவு காட்டச் சொல்கிறது இரண்டாம் வத்திக்கான் சங்கம். போதிக்கும் அதிகாரம் இறைவார்த்தைக்கு மேற்பட்டதல்ல, அதற்கு ஊழியம் செய்வது என்று 1965இல் சொன்னதும் அதே சங்கம்தான்.

எங்கள் ஆட்களையும் விட்டுவைக்க முடியாது. பங்கின் (உள்ளூர்த் திருச்சபையின்) வரவுசெலவைக் கேட்டால்கூட ‘குருவை எதிர்க்கலாமா?’ என்று வாயடைப்பவர்கள், 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 212ஆம் பிரிவைப் புரட்டிப் பார்க்கட்டும். திருச்சபையின் நலன் குறித்துத் தம் கருத்தை மேய்ப்பர்களிடம் சொல்வது விசுவாசிகளின் உரிமை, சில வேளைகளில் கடமையும்கூட என்கிறது அது.

செய்தியாளர்களிடம் நான் கேட்பது சிறிய உதவிதான். திருத்தந்தை பேசியது பேட்டியிலா, சுற்றுமடலிலா (திருச்சபைக்கு எழுதும் போதனைக் கடிதத்திலா), கோட்பாட்டு அறிவிப்பிலா என்பதை முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியை ஒருவர்