கேட்டுவிட்டு உள்ளே போங்கள்: ராஜஸ்தான் பயணம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

புதுச்சேரி, கடலூர் பகுதிகளிலிருந்து ராஜஸ்தானுக்கு ஆட்களை அழைத்துப் போகும் பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

அன்புடையீர், வணக்கம்.

இந்தக் குளிர்காலப் பயணங்களுக்கான அறிவிப்புகள் வரத் தொடங்கிவிட்டன. ஜெய்சால்மர், சாம் மணல்மேடு, கூடாரத்தில் தங்கல், ஒட்டகச் சவாரி. அதற்கு அடுத்து, போன முறை இருந்த அதே வரி: 'அருகிலுள்ள பாலைவனக் கிராமத்தில் மக்களின் வாழ்க்கையை நேரில் காணுதல்.' அந்த வரி ஓர் எழுத்துகூட மாறாமல் இருப்பதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். போன பருவத்தில் அங்கே நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். பேருந்திலேயே சொன்னோம். ஊர் திரும்பியதும் போன் செய்தும் சொன்னோம். "பார்த்துக்கறோம் சார்" என்றார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த ஊர்க்காரர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள். அவர்கள் சரி என்று சொல்லும் நேரத்தில், அவர்கள் காட்டும் வீட்டுக்கு மட்டும், அவர்களுக்குச் சேர வேண்டிய பணத்தை அவர்கள் கையிலேயே கொடுத்து எங்களை அழைத்துப் போங்கள்.

அன்றைக்கு அப்படி யாரையும் கேட்கவில்லை. ஜீப்புகள் நின்றதும் வழிகாட்டி நேராக ஒரு வீட்டு முற்றத்துக்குள் போனார். கம்பு மாவு பிசைந்துகொண்டிருந்த பெண் முக்காட்டை இழுத்துவிட்டபடி எழுந்தார். அதற்குள் எங்கள் ஆட்கள் அடுப்படி வரை போய்விட்டார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் டாங்கா இருந்தது. தரைக்குள் இறக்கிக் கட்டிய வட்டத் தொட்டி, மேலே இரும்பு மூடி, அதற்கு ஒரு பூட்டு. சுற்றிலும் தொட்டியை நோக்கிச் சரியும்படி மண்ணை இறுக்கி, பெருக்கிச் சுத்தமாக வைத்திருந்தார்கள். அந்தத் தரையில் விழுகிற மழைதான் துளைகள் வழியாகத் தொட்டிக்குள் இறங்குகிறது. அதைத்தான் குடிக்கிறார்கள். செருப்புக் காலோடு அங்கே யாரும் மிதிப்பதில்லை, ஆட்டைக்கூட விடுவதில்லை.

ஒட்டகச் சாணத்தில் நடந்துவந்த ஷூவோடு எங்கள் ஆட்கள் அங்கேதான் வரிசையாக நின்று படம் எடுத்தார்கள். ஒரு பையன் மூடி மேலேயே ஏறி நின்றான். அந்தப் பெண் எங்கள் கால்களைக் காட்டி, தொட்டியைக் காட்டி, "பாணி, பாணி" என்று கத்தினார். வழிகாட்டி சிரித்துக்கொண்டே, படம் எடுத்ததற்குக் காசு கேட்பதாக எங்களிடம் சொன்னார். ஒருவர் இருபது ரூபாயை நீட்டினார். அந்த அம்மா அதைத் தொடவில்லை. ஹிந்தி ஒரு சொல்லும் தெரியாத என் அம்மாதான் விஷயத்தைப் புரிந்துகொண்டு, "குடிக்கிற தண்ணிப்பா அது, இறங்குங்க எல்லாரும்" என்று சத்தம் போட்டார். அன்று மாலை நாங்கள் தங்கிய இடத்தில் நீச்சல்குளம் விளிம்பு வரை நிரம்பியிருந்தது. எனக்கு அங்கே சோறு இறங்கவில்லை.

ஜெய்சால்மரில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை, சராசரியாக 200 மில்லிமீட்டர் அளவுதான். நம் நெய்வேலியில் 2015 நவம்பரில் ஒரே நாளில் 400 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. நமக்கு ஒரு நாளில் கொட்டிய மழை அவர்களுக்கு இரண்டு வருடத்துத் தண்ணீர். அதைச் சேர்த்து வைக்கும் தரையைத்தான் நாம் மிதித்துவிட்டு வந்திருக்கிறோம்.

கேட்காமல் வீட்டுக்குள் வருவது எப்படி இருக்கும் என்று கடலூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு பார்த்தோம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்த பிறகும் பார்த்தோம். கூரை போன வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்தி, உள்ளே இருப்பவர்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. உதவ வந்தவர்களை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறோம். வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் மறக்கவில்லை. நமக்கு வலித்ததை இன்னொரு ஊருக்கு நாமே, அதுவும் காசு வாங்கிக்கொண்டு, செய்யலாமா?

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. பாலிவால் பிராமணர்கள் விட்டுப்போன குல்தாரா என்ற பாழடைந்த கிராமத்தில் எங்களுக்குப் பேய்க்கதைதான் சொன்னார்கள். அதே பாலிவால்கள் கடீன் என்ற நீண்ட மண்கரையைப் போட்டு, சரிவில் ஓடிவரும் மழைநீரை நிறுத்தி, நிலத்தில் ஊறிய அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விளைவித்ததை ஒருவரும் சொல்லவில்லை. வீராணம் ஏரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதைவிட நல்ல கதை வேறென்ன வேண்டும்? வழியெல்லாம் நிற்கும் கேஜ்ரி, நம் விருத்தாசலம் கோயிலின் தலமரமான வன்னிதான். அதையும் நானாகத்தான் கண்டுகொண்டேன். தலைமுறை தலைமுறையாகப் பாடிவரும் மாங்கணியார் கலைஞர்களைப் பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டு, சினிமாப் பாட்டை அலறவிட்டார்கள். விடிந்து பார்த்தால் மணல்மேடெங்கும் தண்ணீர் பாட்டில்கள். இதற்கா இவ்வளவு தூரம் போகிறோம்? இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காத எங்களைப் போன்ற பயணிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு.

சரி, கேட்க வந்ததற்கு வருகிறேன். கட்டணம் கூடிவிடும், ஆட்கள் வரமாட்டார்கள் என்பீர்கள். எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டுச் சொல்லுங்கள், கொடுக்கிறோம். ஜெய்சால்மருக்குத் தென்மேற்கே கூரி கிராமத்தில் ஊர்க்காரர்களே தங்கள் இடத்தில் விருந்தினரைத் தங்கவைத்து, சமைத்துப் போட்டு, அந்த வருமானத்தைத் தாங்களே பெறுகிறார்கள். அப்படிப்பட்ட வீடுகளோடு நீங்கள் நேரடியாகப் பேசலாம். அது முடியாவிட்டால் அந்த வரியை அறிவிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். கிராமத்தைப் பார்க்காமல் திரும்பினாலும் எங்களுக்குக் குறை ஒன்றுமில்லை.

அடுத்த குழுவுக்குப் பணம் வாங்கும் முன், எந்த ஊர், எந்த வீடு, யாரிடம் கேட்டீர்கள், அவர்களுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பதை அறிவிப்பிலேயே எழுதும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். ஊர்க்காரர்கள் சொல்வதை உள்ளது உள்ளபடி எங்களுக்குச் சொல்லும் வழிகாட்டியையும் ஏற்பாடு செய்யுங்கள். டாங்காவைச் சுற்றியுள்ள தரையில் செருப்போடு ஏறக்கூடாது என்பதை ஜீப்பில் ஏறும் முன்பே எல்லோருக்கும் தமிழில் சொல்லிவிடுங்கள். இதைப் பற்றி நேரில் பேசக் கூப்பிட்டால், கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு எந்த நாளிலும் வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
கடலூர் முதுநகரிலிருந்து,
உங்களோடு பயணம் வந்த ஒருவன்