கல்லுக்கு நடுவில் எதை வைப்பது

ரங்கூன்,
மார்ச் 3

அன்புள்ள முருகேசு,

பஸ்ஸில் கொடுத்தனுப்பிய உன் கடிதம் சனிக்கிழமையே கைக்கு வந்துவிட்டது. மகளுக்குச் சித்திரைக் கடைசியில் கல்யாணம் என்று படித்துக் காட்டினேன். "அந்தக் குட்டிக்கா?" என்று அம்மா இரண்டு முறை கேட்டார். அப்புறம் வெகுநேரம் உன் வீட்டுக் கதையையே பேசிக்கொண்டிருந்தார். எங்கள் எல்லோருக்கும் ரொம்பச் சந்தோஷம்.

பந்தல் போடப்போகும் முற்றத்தில் கான்கிரீட் மேல் கல் பாவப்போகிறாய், அந்தக் கல் இடுக்கில் எதை நிரப்புவது என்று கேட்டிருந்தாய். மணல் பசையா, ரெசினா, சிமெண்டா? நான் பட்டதைச் சொல்கிறேன், பிறகு நீயே முடிவு செய்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் வீட்டு வாசலில் கான்கிரீட் மேல் கல் பாவினோம். இடுக்கில் மணல் பசையை, அதாவது தண்ணீர் தெளித்தால் இறுகும் அந்த மணலைப் போட்டோம். மேஸ்திரி சொன்னார், நானும் தலையாட்டினேன். முதல் மழைக்காலம் தாங்கியது. இரண்டாவது ஆண்டு ஆவணியில் காலடி வைத்தால் இடுக்கிலிருந்து பழுப்புத் தண்ணீர் பீய்ச்சியது. கல் ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்தது. ஒரு கல்லை நெம்பித் தூக்கினேன். அடியில் நான்கு மூலைக்கும் நடுவுக்கும் ஆக ஐந்து சாந்து உருண்டைகள்தான். மீதி இடமெல்லாம் வெற்றிடம், அதில் தேங்கிய தண்ணீர். மோந்து பார்த்தேன், குட்டை நாற்றம்.

அன்றைக்குத்தான் புரிந்தது, குறை இடுக்கில் போட்ட பொருளில் மட்டும் இல்லை. அந்த மணல், அடியில் மண்ணும் ஜல்லியும் இருந்து தண்ணீர் கீழே இறங்கும் இடத்துக்கு உரியது. கான்கிரீட்டில் தண்ணீர் எங்கே போகும்? தேங்கும், மணலை இளக்கும், சாந்திலுள்ள சுண்ணாம்பைக் கரைத்து வெள்ளையாக மேலே கொண்டுவரும். துடைப்பத்தால் தள்ளி நிரப்பும் ரெசினிலும் தண்ணீரை உள்ளே விடும் வகை உண்டு. அதற்கும் இதே கதிதான். உங்கள் மோல்மேனில் ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. அந்த மழைக்கு இந்த இரண்டையும் நான் நம்பமாட்டேன்.

ஆகவே முதலில் வாட்டத்தை, அதாவது தண்ணீர் வழிந்தோடும் சரிவைப் பார். 80-க்கு 1 இருந்தால் போதும். உன் முற்றம் 4 மீட்டர் என்றால் வாசல் பக்கம் 5 சென்டிமீட்டர் தாழ வேண்டும். ரசமட்டத்தை நீயே கையில் எடுத்து வைத்துப் பார். அடுத்தது, கல்லின் அடிப்புறம் முழுக்க சிமெண்ட் பால் பூசி, முழுச் சாந்துப் படுக்கையில் உட்கார வைக்கச் சொல். உருண்டை வைத்து ஒட்டவே கூடாது. காய்ந்த பிறகு ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார். அடியில் காலியாக இருப்பதுபோல் பொட்டென்று சத்தம் வந்தால் எடுத்துத் திரும்ப வை. ஆடுகிற கல்லின் இடுக்கில் எதைப் போட்டாலும் நிற்காது.

இதெல்லாம் சரியாக இருந்தால் பழைய சிமெண்ட் சாந்தே போதும் என்பதுதான் என் எண்ணம். ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு கழுவிய மணல். சல்வீன் ஆற்று முகத்துவாரத்துப் பக்கம் அள்ளும் மணலில் உப்பு இருக்கலாம், ஆற்றில் மேலே தள்ளி அள்ளியதாகப் பார்த்து வாங்கு. கலவை ஈரமாக இருக்க வேண்டுமே தவிர நீர்க்கக் கூடாது. கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்கணும், விரலில் தண்ணீர் கசியக் கூடாது. இடுக்கு 8 முதல் 10 மில்லிமீட்டர் அகலம் இருக்கட்டும். இரும்புப் பட்டையால் அடிவரை அழுத்தி அழுத்தி நிரப்பச் சொல். மேலாகத் தடவிவிட்டுப் போனால் அடுத்த மழையில் பெயர்ந்து வரும். மார்ச் வெயில் பொல்லாதது, நிரப்பிய கையோடு நனைத்த கோணிச்சாக்கு போட்டு நாலைந்து நாளாவது ஈரமாக வைத்திரு.

ரெசினில், இரண்டு பங்காகக் கலக்கும் எப்பாக்ஸியும் நல்லதுதான், தண்ணீரை விடாத வகையாகப் பார்த்து வாங்கினால். ஆனால் விலை அதிகம். கழுவும்போது கொஞ்சம் அசந்தாலும் கல்லின் மேல் படலமாக ஒட்டி நனைந்த கல் போலக் கறுத்துவிடும். ஆசையிருந்தால் உடைந்த கல் ஒன்றில் முதலில் போட்டுப் பார்.

கான்கிரீட் விரிந்து சுருங்க இடமாக அதில் வெட்டு விட்டிருக்கிறாய் அல்லவா? அந்தக் கோட்டுக்கு நேர் மேலேயும், சுவர் ஓரத்திலும் சாந்து வைக்காதே. அங்கே நீண்டு சுருங்கும் சீலண்ட்தான் போட வேண்டும். வெயிலில் கல் விரியும். விரிய இடம் விடாவிட்டால் சாந்து வெடித்துவிடும்.

ஓரத்துக்கு சகைன் மலைச் சலவைக்கல் வைக்கிறேன் என்று எழுதியிருந்தாய். சிமெண்ட் கறையைப் போக்க யாராவது ஆசிட்டைக் கொண்டுவந்தால் தடுத்து நிறுத்து. சலவைக்கல்லில் பட்டதும் பொங்கும், மெருகு திரும்ப வராது. கறை காயும் முன்னே ஈரப் பஞ்சால் துடைக்க ஒரு பையனை நிறுத்திவிடு, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. கல்யாணத்துக்கு வந்தே தீருவேன் என்கிறார். நான் 20-ம் தேதி வாக்கில் இரண்டு நாள் அங்கு வரப் பார்க்கிறேன், அதற்குள் கல் வைக்கத் தொடங்கியிருந்தால் கூட நின்று தட்டிப் பார்க்கலாம். தங்கச்சியை நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
கணேசன்