மாப்ள, அந்த ஹெரால்டுக்கு டயர் வாங்குறதுக்கு முன்னாடி இதப் படிச்சிரு

மாப்ள,

ஒன் வாய்ஸ் மெசேஜ மூணு தடவ கேட்டுட்டேன். பின்னாடி இன்ஜின் சத்தம் வருது பாரு, அதுக்காகவே மூணு தடவ. ஒங்க சித்தப்பா அந்தக் காலத்துல ஹெரால்டு கார் சேசிஸ், அதான் அடிச்சட்டம், அது மேல தகரத்த அடிச்சு அடிச்சு ரெண்டு சீட்டு பாடி கட்டுனாரே, அது மறுபடி ஓடுறத நெனச்சா எனக்கு அம்புட்டு சந்தோசம். போன்ல பேசுனா பாதி மறந்துருவ, அதான் ஒக்காந்து டைப் பண்றேன்.

மொதல்ல வீட்டுச் சேதி. அம்மாவுக்கு ரெண்டு கண்ணும் ஆபரேசன் முடிஞ்சு இப்ப பேப்பர் படிக்கிறாங்க. மக பிரசவத்துக்கு வந்துருக்கா, ஒன் தங்கச்சி அவளுக்குப் பத்தியச் சோறு ஆக்குறதுலயே இருக்கா. நான் பட்டறைய காலைல மட்டும்தான் தெறக்குறேன். டயரு, ரிம்மு பாக்குற கோரிப்பாளையம் பாய் இன்னும் இருக்காரு, 80 தாண்டிருச்சு, கண்ணு சரியாத் தெரியல ஆனா கை தெரியுது. ஒன் வண்டி சேதிய சொன்னதும் அவரு கேட்ட மொத கேள்வி இன்ஜினப் பத்தி இல்ல, "டயரு என்ன போடப் போறான்?"

அதத்தான் நீயும் கேட்டுருக்க. ட்ராக்குல ஓட்டுறதுக்கு 13 இஞ்ச் ரிம்முல 185/60 (அகலம் 185 மிமீ, பக்கவாட்டு ஒயரம் அதுல 60 சதவீதம்) செமி ஸ்லிக், அதான் காடி கம்மியா பிடி அதிகமா இருக்க டயரு, அதப் போடவா, இங்கிலாந்துல இருந்து பழைய மாடல் ரேஸ் டயர் வரவைக்கவா, இல்ல சும்மா ரோட்டு டயரே போதுமான்னு. நீ மனசுல ஏற்கனவே செமி ஸ்லிக்குன்னு முடிவு பண்ணிட்டன்னு ஒன் கொரல்லயே தெரியுது. அது வேணாம் மாப்ள. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்க.

ஒன் வண்டி மேல பாக்கதான் ஸ்போர்ட்ஸ் கார், அடியில அது 1959ல இங்கிலாந்துல வந்த ட்ரையம்ப் ஹெரால்டு, நம்ம மெட்ராஸ்ல ஸ்டாண்டர்டு கம்பெனி 1961ல இருந்து 948 சிசி இன்ஜினோட போட்டுச்சே அதே சேசிஸ். சேசிஸ் தனியா இருந்ததுனாலதான் ஒங்க சித்தப்பாவால பாடியக் கழட்டிட்டு வேற பாடி ஏத்த முடிஞ்சுச்சு. ஆனா பின்னாடி சஸ்பென்சன்? குறுக்கால ஒரே ஒரு பட்டை ஸ்ப்ரிங், ரெண்டு பக்கமும் ஆக்சில் நடுவுல இருக்க டிஃபரன்ஷியல் பெட்டி பக்கத்துல மட்டும் மடங்கும், வீலு பக்கம் மடங்காது. ஸ்விங் ஆக்சில்னு பேரு. வளைவுல வேகமாப் போயிட்டிருக்கப்ப பயந்து ஆக்சிலேட்டர்ல இருந்து சட்டுனு கால எடுத்தேன்னு வையி, வண்டியோட பின்பக்கம் மேல எந்திரிக்கும், அது எந்திரிச்சா வெளிப்பக்க வீலு குதிகால் மடங்குன மாதிரி வண்டிக்கு அடியில மடங்கும், அப்பறம் டயர்ல பாதி அகலம்கூட தரையில இருக்காது. பின்னாடி அப்பிடியே சுத்திரும்.

இப்ப இதுல டயர் எங்க வருதுன்னு பாரு. டயரு தரையப் புடிக்கிற பிடி கூடக் கூட, பக்கவாட்டுல அந்த வீலத் தள்ளுற விசையும் கூடும், அதுதான் பின்பக்கத்தத் தூக்குறது. கொறஞ்ச பிடி உள்ள டயரு அந்தக் கட்டத்துக்குப் போறதுக்கு முன்னாடியே லேசா வழுக்கிரும், வழுக்குறப்ப நமக்கு ஸ்டீயரிங்ல தெரியும், சரி பண்ணிக்கலாம். செமி ஸ்லிக்கு வழுக்காது, புடிச்சுக்கிட்டே இருக்கும், விடுறப்ப வண்டியையும் சேத்து விடும்.

இது நான் படிச்சு சொல்றதில்ல. நான் ஒரு ஹெரால்டு வச்சிருந்தேன்ல, நீ கோயம்புத்தூர் போனதுக்கப்பறம், அதுல அகல ரிம் போட்டு 175/70 புது ரேடியல், அதான் இப்பத்த கார்ல வர்ற டயரு, மாட்டுனேன். ஒரு வாரம் அம்புட்டு சுகமா இருந்துச்சு, ஸ்டீயரிங் திருப்புனா ஒடனே திரும்புது, நானும் தெம்பாயிட்டேன். ஒருநாள் காலைல அழகர்கோயில் ரோட்டுல அப்பன்திருப்பதி தாண்டி ஒரு வளைவு, பாதி வளைவுல இருக்கேன், ஒரு எருமை ரோட்டுல ஏறுது, கால எடுத்தேன். எடுத்த அந்த நொடி சீட்டுக்கு அடியில யாரோ முதுகக் குடுத்துத் தூக்குன மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான், அடுத்து நான் பாத்தது வந்த வழிய. வாய்க்கா பள்ளத்துல பின்வீலு ரெண்டும் தொங்குது, ஒன் தங்கச்சி பக்கத்து சீட்டுல. அவளுக்கு ஒண்ணும் ஆகல. அன்னைக்கு அவ மொகம் எப்பிடி இருந்துச்சுன்னு எனக்கு இன்னிக்கும் கண்ணுல நிக்குது. அந்த டயர மறுநாளே கழட்டிட்டேன்.

இன்னொண்ணு, ஒன் பழைய ரிம்மு மூணரை இஞ்ச் அகலம். 185/60க்கு கொறஞ்சது 5 இஞ்ச் ரிம் வேணும். ரிம்ம அகலப்படுத்துனா பேரிங்குக்கு லோடு கூடும், வீலு மாட்டுற ஸ்டப் ஆக்சிலுக்கு லோடு கூடும், முன்னாடி வீலு திரும்புற அந்தக் கீழ் மூட்டு, ட்ரன்னியன் இருக்கே, அதுக்கும் கூடும். அதுல கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் ஆயில்தான் விடணும், 90 நம்பர். நம்ம ஊர்ல முக்காவாசிப் பேரு கிரீஸ் கன்ன வச்சு அடிச்சிட்டாய்ங்க, உள்ள மரை தேஞ்சு, துருப்புடிச்சு, ஒருநாள் வளைவுல ஒடிஞ்சு முன்வீலு படுத்துரும். டயர் வாங்குற காசுல மொதல்ல அதக் கழட்டிப் பாரு. இத நீ செய்யாம நான் டயரப் பத்தி பேசுறது வீண்.

சரி, இங்கிலாந்து டயர். அது நல்ல சாமான், அதுல சந்தேகமே இல்ல. டன்லப்புல பழைய ரேஸ் காருக்குன்னே எல் செக்சன்னு ஒரு வகை இன்னும் வருது, வெளிநாட்டுல விதிமுறைப்படி ஓடுற 1960க்கு முந்தின ரேஸ் கார்ல அதத்தான் பாக்கலாம். அது கிராஸ் ப்ளை. உள்ள இருக்க நாரு ஒண்ணுக்கு மேல ஒண்ணு சாய்வா, பாய் பின்னுன மாதிரி குறுக்கும் நெடுக்கும் ஓடும். ரேடியல்ல நாரு நேரா இந்த விளிம்புல இருந்து அந்த விளிம்புக்கு, மேல ஸ்டீல் பெல்ட்டு. அதனால ரேடியல்ல பக்கவாட்டு நெகிழும், மேல்பட்டை தரைய விடாது, பிடி அதிகம், விடுறப்ப சட்டுனு விடும். கிராஸ் ப்ளை ஆரம்பத்துல இருந்தே கொஞ்சம் கொஞ்சமா நழுவிக்கிட்டே போகும், அத நாலு வீலும் நழுவ நழுவ ஓட்டுறதுதான் அந்தக் காலத்து ஓட்டு. சோழவரம் ரேஸ்ல நம்ம பாத்தோமே, ஞாபகம் இருக்கா? பாண்டியன்ல ராத்திரி ஏறி, எக்மோர்ல இறங்கி, அங்க இருந்து பஸ் மாறி, அந்த உலகப்போர் காலத்து ஏர்ஸ்ட்ரிப்புல வெயில்ல நின்னு. ஒரு ஹெரால்டு அந்த முக்குல மூக்க உள்ள வச்சு வால வெளிய வச்சு நண்டு மாதிரி போச்சு பாரு, நீ என் தோளப் புடிச்சு நசுக்கிட்ட. அது அந்த டயரோட அழகு.

ஆனா ஒனக்கு அது இப்ப வேணாம்னுதான் சொல்வேன். ஒன் 13 இஞ்சுக்கு பொருந்துற சைஸ் பாத்து வரவைக்கணும், கப்பல் செலவு, சுங்கம், ஒண்ணு கிழிஞ்சா மறுபடி அம்புட்டும். நீ வருசத்துக்கு ரெண்டு தடவ கோயம்புத்தூர் செட்டிபாளையம் ட்ராக்குல ஓட்டப் போற ஆளு. அது 2.1 கிலோமீட்டர்தான், வளைவுக்கு மேல வளைவு, பெரிய வேகத்துக்கே எடம் இல்ல. பழகு, ஒரு வருசம் ஓட்டு, அப்பறம் கை கேட்டா வரவை.

ஒரு விசயம் மட்டும் எந்தக் காலத்துலயும் செய்யாத. முன்னாடி ரேடியல், பின்னாடி கிராஸ் ப்ளை. முன்னாடி புடிச்சுக்கிரும், பின்னாடி நழுவிரும், ஒன் சேசிஸ்ல அது நேரா மரத்துக்குத்தான் கூட்டிட்டுப் போகும். நாலும் ஒரே வகை.

அப்ப என்ன போடலாம்? 145/80 ஆர் 13. பழைய வேகன் ஆர் சைஸ், எங்க வேணா கெடைக்கும். கணக்கு போட்டுப் பாத்தேன்: 145ல 80 சதவீதம் 116, மேலயும் கீழயும் சேத்து 232, ரிம்மு 330, மொத்தம் 562 மிமீ. ஒன் வண்டிக்குக் கம்பெனி போட்ட 5.20-13ஐ விட கொஞ்சம்தான் ஒயரம் கம்மி. 155/65 போட்டா 532தான் வரும், 30 மிமீ கொறஞ்சிரும், ஸ்பீடோமீட்டர் கூடக் காட்டும், வண்டியும் பொசுக்குனு தாழ்ந்துரும். 145/80 மூணரை இஞ்ச் ரிம்முலயே ஒக்காரும். லோடு நம்பர் 75, அதாவது ஒரு டயருக்கு 387 கிலோ, ஒன் வண்டிக்கு தாராளம். எஸ் எழுத்து போட்டிருந்தா 180 கிலோமீட்டர் வரைக்கும் தாங்கும், ஒன் இன்ஜின் அந்தப் பக்கம் போகாது.

வாங்குறப்ப தேதி பாரு. சைடுவால்ல, அதான் டயரோட பக்கவாட்டுல, நாலு நம்பர் இருக்கும், 3624ன்னா 2024ல 36வது வாரம். ஒரு கடையில என்கிட்ட "புதுசு சார்"னு சொல்லி மினுமினுப்பு திரவம் தடவி வித்தாய்ங்க, வீட்டுக்கு வந்து தொடச்சுப் பாத்தா எட்டு வருசப் பழசு. உள்ளூர எனக்கு கோவம் தாங்கல, ஏன்னா இது உயிர் சமாச்சாரம். பாய்கிட்ட கொண்டுபோய்க் காட்டுனேன். அவரு கண்ணாடியக்கூட எடுக்கல, கட்ட வெரல் நகத்த ரப்பர்ல அழுத்தி மனசுக்குள்ள ஏதோ எண்ணுனாரு, எடுத்துட்டு அந்த எடத்த தடவிப் பாத்தாரு. "நல்ல ரப்பருன்னா நகம் பதிஞ்சு மெதுவா மேல வரும்ப்பா, இது பதியவே இல்ல, கட்டை." அப்பறம் சைடுவால மடக்கிக் காட்டுனாரு, மயிரு மாதிரி வெடிப்பு, மடக்குனா தெரியுது, விட்டா மறைஞ்சிருது. வெயிலும் ஓசோனும் தின்ன ரப்பர் அது. நீயும் மடக்கிப் பாத்து வாங்கு.

அடுத்து நான் செஞ்சு தரப் போறது. புது டயர்ல பட்டன், அதான் தரையில படுற ரப்பர் கட்டி, ஏழு எட்டு மிமீ ஒயரம் இருக்கும், ரேஸ்ல அது அங்கிட்டும் இங்கிட்டும் வளைஞ்சு நெளிஞ்சு சூடேறி பிச்சுக்கிட்டு வரும். அத நாலு மிமீக்கு சீவிட்டா நெளிவு போயிரும், ஸ்டீயரிங் சுத்தமா பேசும். வெளிநாட்டுல இதுக்குன்னு மெசின் வச்சிருக்காய்ங்க, நமக்கென்ன, மதுரையில பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டுற ரீட்ரேடிங் பட்டறைக்கா பஞ்சம்? பழைய ரப்பர சீவுற அதே பஃபிங் மெசின், எனக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தன் மைக்ரோமீட்டர் கணக்கா சீவுவான். சீவுன டயர ட்ராக்குக்கு மட்டும் வச்சுக்க, மழையில ஓட்டாத. ரீட்ரேட் டயர மட்டும் ரேசுக்கு நெனச்சும் பாக்காத, அது லாரிக்கு நல்லது, வளைவுல பக்கவாட்டா இழுக்குற இழுவைக்கு ஒட்டு தாங்காது.

ட்யூப் போட்டே ஓட்டு. பழைய ரிம்முல டயர் விளிம்ப நிறுத்தி வைக்கிற மேடு இருக்காது, வளைவுல காத்து பொசுக்குனு போயிரும். ட்யூப் போடுறப்ப டயருக்கு உள்ள கம்பெனி ஒட்டுன பேப்பர் ஸ்டிக்கர் இருக்கும், அத உரிச்சு எடுத்துரு, அது உரசி உரசியே ட்யூப்ல ஓட்டை விழும். பவுடர் நல்லாப் போடு.

காத்து ஆரம்பத்துல முன்னாடி 24 பிஎஸ்ஐ, பின்னாடி 28, குளிர்ந்த நெலையில. பின்னாடி கூட இருக்கணும், அந்த வண்டி அப்பிடித்தான் கேக்கும். 10 டிகிரி சூடு ஏறுனா ஒண்ணு ஒண்ணரை பிஎஸ்ஐ ஏறும், அதனால மூணு ரவுண்டு ஓட்டி வந்து ஒடனே பாரு. டயர் தோள்ல நாலு எடத்துல சாக்பீஸால குறுக்க கோடு போட்டுக்க. ஓட்டி வந்து கோடு எது வரைக்கும் அழிஞ்சிருக்குன்னு பாரு, சைடுவால்ல சின்ன முக்கோணம் இருக்குல்ல, அது வரைக்கும் அழிஞ்சா சரி, அதத் தாண்டுனா காத்து கம்மி, எட்டவே இல்லன்னா கூட. நடுவுல மட்டும் அதிகமா சூடா இருந்தாலும் காத்து கூட. புது டயர மொத நாள் அடிச்சு ஓட்டாத, பதமா சூடேத்தி நிறுத்தி ஒரு ராத்திரி ஆற விடு.

முக்கியமா, வளைவுல பயந்தா கால முழுசா எடுக்காத. கொஞ்சமா மிதிச்சுக்கிட்டே ஸ்டீயரிங்கத் தளத்து. இத நீ எனக்கு சத்தியம் பண்ணிக் குடுக்கணும்.

பொறந்த வீட்டுக்கு எப்ப வர்றான்னு என் தங்கச்சியக் கேட்டு சொல்லு, சித்திரைத் திருவிழாவுக்கு வந்தீங்கன்னா மாடியில எடம் இருக்கு. ரிம்மு அஞ்சையும் கழட்டி, சாக்குல கட்டி, வியாழக்கெழமை லாரி செட்டுல போட்டு விடு, வெள்ளிக்கெழமை காலைல நான் போய் எடுத்துக்கிறேன். பாய் ரிம்ம சுத்திப் பாத்து கோணல் இருந்தா எடுக்கணும்னு காத்துக்கிட்டு இருக்காரு. ட்ரன்னியனக் கழட்டுனதும் போட்டோ அனுப்பு, மரை நல்லாத் தெரியிற மாதிரி, வெளிச்சத்துல வச்சு எடு.

ஒன் மாப்ள