முதல் வாரத்தில் கொடுக்கிற அந்தத் தாளைப் பற்றி

இலங்கை மலைநாட்டுப் பல்கலைக்கழகங்களின் மூதவை (செனட்) உறுப்பினர்களுக்கும் பீடாதிபதிகளுக்கும் பாடநெறி விவரம் எழுதும் விரிவுரையாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். கம்பஸ் போய்ப் படித்து முடித்து, இப்போது தோட்டப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். என்னிடம் படித்த பிள்ளைகள் வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது பல்கலைக்கழகம் போகிறார்கள். லீவுக்கு வந்தால் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போவார்கள். அப்படிக் கேட்டதும், என் சொந்தக் காதால் கேட்க முடியாமல் போனதும் சேர்ந்துதான் இந்த மடல்.

ஒவ்வொரு அரையாண்டின் முதல் வாரத்திலும் ஒரு தாள் கொடுப்பீர்கள். இப்போது பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுகிறது. பாடத்தின் பெயர், தொடர் மதிப்பீட்டுக்கு எத்தனை புள்ளி, 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை இல்லை, இப்படிப் போகும். கடைசிப் பக்கத்தின் அடியில் மூன்று விஷயங்கள் இருக்கும். விசேட தேவை உள்ளவர்கள் எங்களை அணுகலாம். பாகுபாடு அனுமதிக்கப்படாது. செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினால் பூச்சியம். மூன்றையும் சேர்த்தால் ஆறு வரி வராது. அதுவும் ஆங்கிலத்தில் மட்டும். அந்த ஆறு வரியைத் திருத்தி எழுதுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி. பெயரும் வேண்டாம், எந்தப் பல்கலைக்கழகம் என்பதும் வேண்டாம். அம்மா கொழுந்து பறிக்கிறவர். உயர்தரம் வரைக்கும் தமிழ்மொழி மூலம். இரண்டாம் வருடத்தில் ஆங்கிலத்தில் ஒரு நீண்ட ஒப்படை எழுதச் சொன்னார்கள். அவள் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, முதல் பதினொரு பக்கத்தில் முழுவதையும் தமிழில் எழுதினாள். பிறகு புதுப் பக்கம் தொடங்கிப் பென்சிலால் ஆங்கிலம். தெரியாத சொல்லுக்குக் கீழே கோடு. ஓரத்தில் அகராதியில் பார்த்த பொருள், பொடி எழுத்தில். ‘ஆகவே’ என்று வரும் இடமெல்லாம் ‘தேர்ஃபோர்’ என்றுதான் போட்டிருக்கிறாள். ஒரே பக்கத்தில் நான்கு தடவை வருகிறது. அந்தச் சொல்லை அவளுக்குப் பழக்கியது நான். கட்டுரையை இப்படித் தொடங்கு, பந்தியை இப்படி முடி என்று வாய்பாடு போல ஒப்புவிக்க வைத்ததும் நான்தான். நாற்பது பிள்ளைக்கு ஒரு ஆசிரியை இருக்கும் இடத்தில் ஆங்கிலம் அப்படித்தான் ஏறும்.

அந்த ஒப்படையை ஒரு மென்பொருளில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பகுதியை இயந்திரம்தான் எழுதியிருக்கிறது என்று அது காட்டியது. பூச்சியம். கொப்பியைத் தூக்கிக்கொண்டு விரிவுரையாளரின் அறைக்குப் போனாள். அவர் திறந்தே பார்க்கவில்லை. “சிஸ்டம் சொல்லுதே” என்றாராம். கொப்பியை மேசையில் வைத்தவள் திரும்ப எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வீட்டில் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அம்மாவுக்கு என்ன விளங்கும்? மகள் கம்பஸில் களவு செய்து பிடிபட்டாள் என்றுதான் விளங்கும்.

அந்த மென்பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அடுத்த சொல்லை எவ்வளவு லேசாக ஊகிக்க முடிகிறது என்று பார்க்கின்றன. ஊகிக்கக்கூடிய சொற்களே தொடர்ந்து வந்தால் இயந்திரம் எழுதியது என்கின்றன. குறைந்த சொற்களை வைத்துக்கொண்டு, படித்த வாக்கிய அமைப்பு தவறிவிடக்கூடாதே என்று பயந்து பயந்து எழுதுகிற பிள்ளையின் ஆங்கிலமும் அப்படித்தான் இருக்கும். 2023இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் இப்படியான ஏழு மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தகுதிப் பரீட்சைக்கு எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாகப் பாதிக்கும் மேலானவற்றை இயந்திரம் எழுதியதாக அவை தவறாகக் காட்டின. அதே வருடம் ஜூலையில், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டுபிடிப்பானைத் துல்லியம் போதாது என்று நிறுத்திவிட்டது. ஆகஸ்டில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் டர்னிடின் என்ற மென்பொருள் தரும் இதே கண்டுபிடிக்கும் வசதியை அணைத்துவிட்டது. செய்தவர்களே கைவிட்டதை வைத்து எங்கள் பிள்ளைகளின் புள்ளியை வெட்டுவது நியாயமா?

களவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். தான் யோசிக்காததை யோசித்ததாகச் சொல்லிப் புள்ளி கேட்பது பிழை. இல்லாத நூலையெல்லாம் இயந்திரம் மேற்கோள் காட்டும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அதைப் பிடிக்க வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. பத்து நிமிடம் பிள்ளையை முன்னால் உட்கார வைத்து, “இதை ஏன் இப்படி எழுதினாய்?” என்று கேளுங்கள். தமிழிலும் பதில் சொல்லலாம் என்று விடுங்கள். எழுதியவள் யார் என்பது இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

நீங்களும் ஒரு காலத்தில் குப்பிக்குப் போனவர்கள்தானே. பரீட்சைக்கு முந்திய இரவுகளில், விளங்கிய ஒருவர் விளங்காத இருபது பேரை உட்கார வைத்துத் தமிழிலோ சிங்களத்திலோ பாடத்தைச் சொல்லிக் கொடுக்கும் அந்தக் குப்பி வகுப்பு. அது இல்லாமல் முதலாம் வருடத்தைத் தாண்டிய தோட்டத்துப் பிள்ளை எனக்குத் தெரிந்து யாருமில்லை. அதை யாரும் மோசடி என்று சொன்னதில்லை. இன்று ஒரு பிள்ளை இரவு பதினொரு மணிக்கு, சிக்னல் கிடைக்கிற இடத்துக்குப் போய் நின்று, “இந்தப் பந்தி எனக்கு விளங்கவில்லை, தமிழில் சொல்” என்று போனிடம் கேட்டால், அதுவும் குப்பிதான். விளங்கிக்கொள்ளக் கேட்பது, இலக்கணம் திருத்துவது, முழுவதையும் எழுதித் தரச் சொல்வது, இவை மூன்றும் வேறு வேறு. ஒரே வரியில் எல்லாவற்றுக்கும் பூச்சியம் என்று எழுதினால், பயந்த பிள்ளை முதலாவதையும் விட்டுவிடும். பயமில்லாத பிள்ளை மூன்றாவதையும் செய்யும்.

இனி என் காதைப் பற்றி. சின்ன வயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு வலது காது எனக்குக் கேட்காது. இடது காதிலும் குறைவு. எதிரில் இருப்பவரின் வாயைப் பார்த்தால் முக்கால்வாசி பிடித்துக்கொள்வேன். நான் படித்த காலத்தில் விரிவுரையாளர் ஒருவர் வெள்ளைப் பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுவார். ஸ்லைடுகளை முதல் நாளே தர முடியுமா என்று ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். எல்லோருக்கும் ஒரே விதி என்றார். அதற்குப் பிறகு மூன்று வருடமும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

இப்போது பேச்சை அப்படியே எழுத்தாக்கிக் காட்டும் வசதி சாதாரண போனில் வந்துவிட்டது. அதுவும் செயற்கை நுண்ணறிவுதான். பார்வை குறைந்த பிள்ளைக்குப் பக்கத்தைப் படம் பிடித்து வாசித்துக் காட்டுவதும் அதுவே. உங்கள் தாளின் முதல் வரி எங்களை அணுகுங்கள் என்கிறது. மூன்றாவது வரி அந்தப் பிள்ளையின் கையிலிருக்கும் ஒரே உதவியைக் குற்றமாக்குகிறது. இரண்டையும் ஒன்றாக வைத்து யாரும் வாசித்துப் பார்க்கவில்லை போலும்.

நாங்கள் கேட்பது சலுகை இல்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், அங்கவீனத்தைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுக்கக்கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதி செய்தது. தேவைக்கேற்ற நியாயமான மாற்றத்தைச் செய்து தர மறுப்பதும் பாகுபாடே என்று அதன் 2ஆம் உறுப்புரை சொல்கிறது. அப்படியானால் உங்கள் தாளின் முதல் வரியும் இரண்டாவது வரியும் ஒரே விஷயம்.

பரீட்சைத் திணைக்களம் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம் தருகிறது. உயர்தரத்தில் அப்படி எழுதி வந்த பிள்ளை, பல்கலைக்கழகத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து நிரூபிக்க வேண்டியிருக்கிறது. எழுத்து தடுமாறும் பிள்ளைக்கு அறிக்கை எழுதித் தரும் நிபுணரைத் தேடிக் கண்டிக்கோ கொழும்புக்கோ போக வேண்டும். 2024இல்தான் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. துணைக்குப் போகிற அம்மாவுக்கு அன்றைக்குப் பேரும் விழாது, அந்த நாள் சம்பளம் போய்விடும். பழைய ஆவணத்தை ஏற்றுக்கொண்டு, புதியது வரும் வரைக்கும் வசதியைக் கொடுத்து வையுங்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையெல்லாம் சரிந்தது. வீதி இல்லை, கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. லயத்தை விட்டுக் கோயில் மண்டபத்திலும் பாடசாலையிலும் படுத்திருந்த பிள்ளைகளை நான் பார்த்தேன். மழைக்காலம் இனியும் வரும், மண்ணும் சரியும். அந்த நாட்களில் தவணை தானாக நீளும் என்று தாளில் ஒரு வரி இருந்தால், ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியே கெஞ்ச வேண்டியதில்லை.

பாகுபாட்டைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனம் வரவில்லை. அரசியலமைப்பின் 12(2) இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கொள்கை, பிறந்த இடம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தடுக்கிறது. உங்கள் தாளில் அந்தப் பட்டியல் இல்லை. ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல் விடுதியிலும் விரிவுரை மண்டபத்தின் பின் வரிசையிலும் இன்றைக்கும் கேட்கிறது. அதைச் சொல்கிறவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு. மாவட்ட ஒதுக்கீட்டில் வந்தவர்கள்தானே என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். நுவரெலியாவும் பதுளையும் ஏன் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருக்கின்றன என்று யோசித்திருந்தால் சிரிப்பு வராது. புள்ளி போடுகிறவரே முறைப்பாட்டையும் கேட்கிறவர் என்றால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? அந்தத் துறைக்கு வெளியே உள்ள ஒருவரின் பெயரும் அறை இலக்கமும் தொலைபேசி எண்ணும் தாளில் இருக்க வேண்டும். அவருக்குத் தமிழ் விளங்க வேண்டும்.

தாள் மூன்று மொழியிலும் வரட்டும். 1987இல் தமிழும் அரச கரும மொழியானது. ஒரு பக்கத்தை மொழிபெயர்க்க இதற்கு மேலும் காரணம் வேண்டியதில்லை. முதல் விரிவுரையில் பத்து நிமிடம் ஒதுக்கி அதை வாய்விட்டு வாசியுங்கள். மென்பொருள் காட்டும் எண்ணை மட்டும் வைத்து யாருக்கும் பூச்சியம் போடுவதில்லை என்று மூதவையில் தீர்மானம் எடுங்கள். உதவி தேவைப்படும் பிள்ளைதான் கேட்கக் கூச்சப்படும் பிள்ளை. அது வந்து கதவைத் தட்டும் வரைக்கும் காத்திருக்காதீர்கள். யாருக்கு என்ன வேண்டும் என்று எல்லோரிடமும் நீங்களே ஒரு படிவம் கொடுத்துக் கேளுங்கள்.

அவள் இப்போது மூன்றாம் வருடம். அந்தப் பாடத்தைத் திரும்ப எழுதித் தேறிவிட்டாள். சீ.ஆர். கொப்பி என்னிடம் இருக்கிறது. யாருக்கும் காட்டலாம் என்று சொல்லித்தான் தந்தாள். அடுத்த மூதவைக் கூட்டத்துக்கு நேரம் குறித்து அறிவித்தால், காலையில் முதல் பஸ்ஸில் கொண்டுவந்து மேசையில் வைக்கிறேன். திறந்து பாருங்கள். முதல் பதினொரு பக்கமும் தமிழ்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்
பொகவந்தலாவை