போலந்துக்காரரின் தூணடியில் ஒரு சனிக்கிழமை

மேற்கு லண்டன் தமிழ்ப் பாடசாலைகளின் ஆசிரியர்களுக்கும், நிர்வாகத்தினருக்கும், பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோருக்கும்,

வணக்கம்.

பதினொரு வருடமாகச் சனிக்கிழமை காலைகளில் ஏ40 வீதியால்தான் பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப்போகிறேன். நோர்தோல்ட் விமானத்தளத்தை ஒட்டி வரும் சந்திக்கு 'போலிஷ் வார் மெமோரியல்' என்று பெயர். உங்களில் பாதிப்பேருக்கு அது வீதிப் பலகையில் பார்த்துப் பழகிய பெயர். "போலிஷ் வார் மெமோரியலில் நெரிசல், பத்து நிமிடம் பிந்தும் ரீச்சர்" என்று நானே எத்தனையோ தடவை செய்தி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பெயருக்குரிய தூண் பக்கத்திலேயே நிற்கிறது. உச்சியில் வெண்கலக் கழுகு, கீழே கல்லில் வரிசை வரிசையாகப் பெயர்கள். போன வருடம் சின்ன மகள் "அதில யாருடைய பேர் அப்பா எழுதியிருக்கு?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. வகுப்பு முடிந்து வரும்போது காரை நிறுத்திவிட்டு இருவரும் போய்ப் பார்த்தோம். இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியாவோடு சேர்ந்து போராடி இறந்த போலந்து விமானப்படையினரின் பெயர்கள் அவை. அதற்குப் பிறகு தேடித் தேடி வாசித்தேன். இந்த மடலும் அதனால்தான்.

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. அடுத்த தவணையில் ஒரு சனிக்கிழமை, வகுப்பை அந்தத் தூணடியில் வையுங்கள்.

1939 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது. 17ஆம் திகதி கிழக்கிலிருந்து சோவியத் படை வந்தது. போலந்து விமானப்படை முதல்நாளே தரையில் வைத்து அழிக்கப்பட்டது என்று பலர் எழுதுவார்கள், அது சரியில்லை. போர் தொடங்குமுன்பே விமானங்களைச் சின்னச் சின்னத் தளங்களுக்குப் பிரித்து அனுப்பியிருந்தார்கள். தங்கள் நாட்டில் செய்த பழைய பி.இசட்.எல் போர்விமானங்களை வைத்துக்கொண்டு, தங்களைவிட வேகமான எதிரியோடு அடிபட்டார்கள். நாடு விழுந்ததும் ருமேனியா, ஹங்கேரி எல்லைகளைத் தாண்டினார்கள். அங்கே தடுப்பு முகாம், அங்கிருந்து தப்பிப் பிரான்ஸ். 1940 ஜூனில் பிரான்சும் விழ, மறுபடி கப்பல். பிரித்தானியாவுக்கு அவர்கள் வைத்த பெயர் 'கடைசி நம்பிக்கைத் தீவு'.

வந்தவர்களை இங்கே உடனே நம்பவில்லை. பாஷை தெரியாதவர்கள், ஏற்கெனவே தோற்றுப்போனவர்கள் என்ற எண்ணம் இருந்தது. பழக்கமும் வேறு. போலந்து விமானத்தில் வேகம் கூட்டக் கைபிடியைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். பிரித்தானியாவின் ஹரிக்கேன் போர்விமானத்தில் முன்னுக்குத் தள்ள வேண்டும். கிலோமீற்றரில் கணக்குப் பார்த்தவர்கள் மைலுக்கு மாற வேண்டும். சக்கரம் உள்ளே மடங்கும் விமானம் பலருக்குப் புதிது.

போலந்து விமானிகளின் 303ஆம் போர்விமான அணி 1940 ஓகஸ்ட் தொடக்கத்தில் நாங்கள் தினமும் கடந்துபோகும் இதே நோர்தோல்டில் உருவானது. ஓகஸ்ட் 30ஆம் திகதி பயிற்சிக்காகப் பறந்துகொண்டிருந்தபோது லுட்விக் பாஷ்கியேவிச் என்ற விமானி எதிரி விமானங்களைக் கண்டார். அறிவித்தார், பதில் வரவில்லை. வரிசையைவிட்டு விலகிப்போய் ஒன்றைச் சுட்டு வீழ்த்தினார். கட்டுப்பாட்டை மீறியதற்குக் கண்டிப்பு, கூடவே பாராட்டு. மறுநாளே அணியைப் போருக்கு இறக்கிவிட்டார்கள். அடுத்த ஆறு கிழமையில் 126 விமானங்களை வீழ்த்தியதாக அந்த அணி கணக்குக் கொடுத்தது. போர்க்காலக் கணக்குகள் எல்லாப் பக்கமும் கூடித்தான் இருக்கும். பிற்கால ஆய்வாளர்கள் இதையும் குறைத்தார்கள். குறைத்த பிறகும் அவர்கள் முன்வரிசையில்தான். போலந்து அணிகள் இல்லாமல், பிரித்தானிய வானில் ஜெர்மன் விமானப்படையோடு நடந்த அந்தச் சமரின் ('பிரித்தானியச் சமர்') முடிவு இதேபோல் இருந்திருக்குமா என்று சொல்லத் தயங்குவதாகப் பிரித்தானியப் போர்விமானப் பிரிவின் தளபதி டௌடிங்கே எழுதினார். அந்தச் சமரில் பறந்த போலந்து விமானிகள் 145 பேர்.

பாஷ்கியேவிச் செப்டெம்பர் 27ஆம் திகதி இறந்தார். நோர்த்வூட் மயானத்தில் இருக்கிறார். அதே அணியில் பறந்த செக் நாட்டுக்காரர் யோசெப் பிரான்டிஷெக், 17 விமானங்களை வீழ்த்தியவர், அவரும் அங்கேதான். ஹரோவிலிருந்து எவ்வளவு தூரம்? நாங்கள் பிறந்தநாள் வீட்டுக்குப் போய்வரும் தூரம்.

பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது கொடியின் கதை. அந்நிய மண்ணில் இருக்கும் படைக்குச் சொந்த நாட்டில் செய்த கொடி வேண்டும் என்று விமானப்படையினர் ஆசைப்பட்டார்கள். அந்நியப் பிடியில் இருந்த வில்னோ நகரத்தில் பெண்கள் அதை இரகசியமாகத் தைத்தார்கள். பிடிபட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்தே, 'அன்பு தியாகத்தைக் கேட்கிறது' என்ற வரியையும் அதில் நூலால் எழுதினார்கள். யப்பானியத் தூதரகத்தார் கையூடாகக் கடத்தப்பட்டு அது இங்கிலாந்து வந்தது. 1941 ஜூலை 16ஆம் திகதி விமானப்படையிடம் கையளித்தார்கள். எந்த அணிக்கும் அது சொந்தமில்லை. மூன்று மாதத்துக்கு ஓர் அணி என்று முறைவைத்துப் பாதுகாத்தார்கள். அந்தத் துணியைத் தைத்த கைகளை நினைத்து நான் பல இரவு நித்திரையில்லாமல் கிடந்திருக்கிறேன்.

பெண்பிள்ளைகள் கேட்பார்கள், அவர்களுக்கும் சொல்லுங்கள்: அன்னா லெஸ்கா, ஸ்டெஃபானியா வோய்துலானிஸ், யாத்விகா பில்சுட்ஸ்கா ஆகிய மூன்று போலந்துப் பெண்கள் போர்விமானங்களைத் தொழிற்சாலையிலிருந்து தளங்களுக்கு ஓட்டிக் கொடுத்தார்கள்.

இனி, பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கான பகுதி. இதை மறைத்துவிட்டுக் கூட்டிப்போக வேண்டாம். 1944இல் வார்சோ மக்கள் ஜெர்மன் பிடிக்கு எதிராக எழுந்தபோது, இத்தாலியின் பிரிண்டிசியிலிருந்து போலந்து விமானிகள் ஆயுதமும் உணவும் கொண்டு பறந்தார்கள். தங்கள் சொந்தத் தலைநகரம் கீழே எரிவதைப் பார்த்துக்கொண்டே பொதிகளைப் போட்டார்கள். பலர் திரும்பவில்லை. 1945 பெப்ரவரியில் யால்டாவில் பிரித்தானிய, அமெரிக்க, சோவியத் தலைவர்கள் மூவரும் கூடிப் போலந்தின் கிழக்கு எல்லையைத் தீர்த்தார்கள். கொடி தைத்த வில்னோ போலந்துக்கு இல்லை என்றானது. இன்று அது லித்துவேனியாவின் வில்னியுஸ். 1946 ஜூன் 8ஆம் திகதி லண்டனில் வெற்றி அணிவகுப்பு நடந்தது. போலந்துப் படையினரில் 303ஆம் அணியைச் சேர்ந்த 25 விமானிகளை மட்டும் அழைத்தார்கள். தரைப்படையையும் கடற்படையையும் விட்டுவிட்டு நாங்கள் வரமாட்டோம் என்று அவர்கள் மறுத்தார்கள். ஊர் திரும்பியவர்களுக்கும் நிம்மதி இல்லை. போலந்தின் மிகப்பெரிய போர்விமானி ஸ்தானிஸ்லாவ் ஸ்கால்ஸ்கியை 1948இல் அவருடைய நாட்டுக் கம்யூனிச அரசே கைதுசெய்து மரண தண்டனை விதித்தது. அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்து, 1956இல்தான் வெளியே விட்டார்கள்.

இங்கேயே தங்கியவர்கள் பழைய இராணுவக் கொட்டில்களில் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். வேலையைப் பறிக்க வந்தவர்கள் என்ற பேச்சையும் கேட்டார்கள். பிள்ளைகளுக்குப் பாஷை போய்விடக் கூடாதென்று சனிக்கிழமைப் பள்ளிகள் தொடங்கினார்கள். ஆம், சனிக்கிழமைப் பள்ளிகள். நாங்கள் வருவதற்குப் பல வருடம் முன்பே.

1948 நவம்பர் 2ஆம் திகதி அந்தத் தூணைத் திறந்துவைத்தார்கள். செதுக்கியவர் மியெச்சிஸ்வாவ் லுபெல்ஸ்கி என்ற போலந்துச் சிற்பி. முதலில் 1,243 பெயர்களைத்தான் பொறித்தார்கள், பிறகு 1990களில் இன்னும் பல பெயர்களைச் சேர்த்தார்கள்.

சில பெற்றோர் என்னிடம் கேட்டார்கள்: "எங்கட வரலாற்றையே பிள்ளைகளுக்குச் சொல்லி முடியவில்லை, இதற்கு எங்கே நேரம்?" நியாயமான கேள்வி. ஆனால் என் மகளின் பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தில் ஸ்பிட்ஃபயர் படம் இருந்தது, லண்டன் குண்டுவீச்சு இருந்தது, போலந்து ஒரு வரிகூட இல்லை. நாடில்லாமல் வந்தவர்கள் இந்த நகரத்துக்காக என்ன செய்தார்கள், அப்புறம் அவர்களுக்கு என்ன நடந்தது என்பதைத் தமிழிலே, தமிழ் ரீச்சர் வாயால் பிள்ளை கேட்க வேண்டும் என்பது என் விருப்பம். வீட்டில் அம்மம்மா சொல்லும் கதையை அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு வேறு காதால் கேட்கும் என்று நம்புகிறேன். என் மகள் அப்படித்தான் கேட்கத் தொடங்கியிருக்கிறாள்.

பாடமாகவும் வைக்கலாம். ஒவ்வொரு பிள்ளையும் கல்லிலுள்ள ஒரு பெயரைத் தமிழில் எழுதட்டும். அந்தப் பெயர்களில் மெய்யெழுத்துகள் குவிந்து கிடக்கும்; எந்த எழுத்தைப் போடுவது, எங்கே புள்ளி வைப்பது என்று நன்றாக மண்டையைக் குழப்பும். எழுதிய பெயரைத் தூணடியில் நின்று உரக்க வாசிக்கட்டும். முடிந்தால் பக்கத்திலுள்ள போலந்துச் சனிக்கிழமைப் பள்ளி ஒன்றையும் அழைப்போம். நாங்கள் பிழையாகச் சொல்லும் பெயரை அவர்களின் பிள்ளைகள் திருத்தட்டும்.

சென்ட்ரல் தடத்தில் சவுத் ரைஸ்லிப் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போகலாம். வீதி வேகமானது, ஆகவே சின்னவர்களுக்கு இரண்டு பேருக்கு ஒரு பெரியவர் வேண்டும். நவம்பர் முதலாவது சனிக்கிழமை நல்ல நாள். பூவும் தேநீரும் என் பொறுப்பு.

அன்புடன்,
உங்கள் பாடசாலைப் பெற்றோரில் ஒருவன்