கடை விலாசத்துக்கு ஒரு கடிதம்

ஈஸ்ட் ஹாம், லண்டன்
15.06.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் மருமகனும் சின்னவளும் நலமாக இருக்கிறோம். முழங்கால் வலிக்கு அண்ணன் வாங்கி வந்த தைலம் கேட்கிறதா? அவர் அனுப்பிய படத்தில் நம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் மண்மேடு சரிந்திருப்பதைப் பார்த்தேன். மழை வலுத்தால் கோழிகளை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் பாடசாலைக்குப் போய்விடுங்கள்.

இதை அண்ணன் மகள்தான் படித்துக் காட்டப் போகிறாள். கண்ணு, நிறுத்தி நிதானமாகப் படி. அப்பாயி மனம் நோகும் என்று நினைத்து ஒரு வரியையும் விட்டுவிடாதே. அத்தை ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

அம்மா, போன வாரம் தொலைபேசியில் சொல்லத் தொடங்கினேன். "இந்த வயதில் மறுபடியும் படிப்பா?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்வதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. அறுந்ததும் நல்லதுதான். இது அடுப்பில் சோறு கொதிக்கும்போது சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை.

வருகிற ஒக்டோபரில் பல்கலைக்கழகத்தில் சேர்கிறேன். ஊடகமும் தொடர்பாடலும் படிக்கிற பட்டம். பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி, கைத்தொலைபேசியில் வருகிற செய்தி எல்லாம் எப்படி உருவாகின்றன, யார் சொல்வது எடுபடுகிறது, யார் சொல்வது அமுங்கிப் போகிறது என்று பார்க்கிற படிப்பு. மாலை வகுப்பு. பகல் வேலையை விடவில்லை.

அண்ணனுக்கு இதில் மனம் இல்லை என்று தெரியும். முதியோர் இல்லத்தில் ஒன்பது வருடம் வேலை செய்தவள் தாதியர் படிப்புக்குப் போனால் வேலைக்குக் குறைவிராது என்கிறார். அவர் சொல்வதில் பிழை இல்லை. இல்லத்தில் இருக்கிறவர்களைக் குளிப்பாட்டும்போதும் ஊட்டும்போதும் எனக்கு உங்கள் நினைவுதான். அந்த வேலையை ஒரு நாளும் நான் குறைவாக எண்ணியதில்லை. ஆனால் முப்பது வருடமாக என்னை அரித்துக்கொண்டிருப்பது வேறொன்று. அதை இன்று சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. நம் லயத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டுவேலைக்குப் போன அக்காமார் எழுதிய கடிதங்கள். வாசலில் உட்கார வைத்து, கையில் ஒரு துண்டு ரொட்டியைக் கொடுத்து, சுற்றி நின்று கேட்பார்கள். லயத்தின் கடைசி வீடான கடைசிக் காம்பராவில் இருந்த பெரியம்மாவுக்கு ஒரு நாள் மகளிடமிருந்து கடிதம் வந்தது. முதல் பக்கம் முழுக்க நலம் விசாரிப்பு. திருப்பினால், நான்கு மாதமாகச் சம்பளம் இல்லை என்றும், வீட்டுக்காரி இஸ்திரிப் பெட்டியால் கையைச் சுட்டுவிட்டாள் என்றும் எழுதியிருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு அடுத்த வரிக்காகக் காத்திருந்தார். அந்தப் பக்கத்தை நான் படிக்கவில்லை. "எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்" என்ற கடைசி வரிக்குத் தாவிவிட்டேன்.

ஒரு சொல்லைக்கூட நானாகச் சேர்க்கவில்லை, அம்மா. விட்டேன், அவ்வளவுதான். பெரியம்மா பணம் வருகிறது என்று நம்பி, கூரைத் தகரம் மாற்றக் கடன் வாங்கினார். அந்த அக்கா திரும்பி வந்து கையைக் காட்டிய அன்றுதான் அவருக்கு எல்லாம் தெரிந்தது. "கடிதத்தில் எழுதினேனே" என்று அக்கா சொன்னபோது நான் பீலிக்கரையில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. இன்றுவரை இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு வருடமாக, வாரம் இரண்டு மாலை, பக்கத்துக் கல்லூரியில் 'அக்சஸ்' டிப்ளோமா படித்தேன் அல்லவா? பாடசாலையை விட்டு வெகுகாலம் ஆனவர்கள் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய இங்கே வைத்திருக்கிற வாசல் அது. அங்கேதான் ஊடகங்களை ஆராய்ந்த ஸ்டுவர்ட் ஹோலைப் பற்றிக் கேள்விப்பட்டேன். ஜமேக்காவில் பிறந்து, 1951-ல் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். ஜமேக்காவும் நம் மலை மாதிரித் தோட்டம் போட்ட மண்தான், அங்கே கரும்பு. அங்கேயும் இந்தியாவிலிருந்து கப்பலில் ஆள் கொண்டுபோனார்கள். 1973-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரையை ஆசிரியை விளக்கினார். சொல்கிறவர் நினைத்த பொருள் கேட்கிறவரிடம் அப்படியே போய்ச் சேர்வதில்லை. மூட்டையைக் கட்டும் இடத்திலும் கை படுகிறது, பிரிக்கும் இடத்திலும் கை படுகிறது என்பது அதன் சாரம்.

எல்லோரும் குறிப்பு எழுதினார்கள். எனக்கு, பறித்த கொழுந்தை நிறுக்கிற நம் தோட்டத்து மடுவம் ஞாபகத்துக்கு வந்தது. நீங்கள் பறித்தது 18 கிலோ. ஈரத்துக்கும் கூடைக்கும் கழித்துக் கணக்கப்பிள்ளை எழுதுவது 16. அந்த 16-க்குத் தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கழிப்பது வழக்கம்தான், ஆனாலும் இன்றைக்கு அதிகம் என்று முணுமுணுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. கூடையைத் திரும்ப நிறுத்தால்தான் நகருவேன் என்று உங்களைப் போல நிற்கிறவர்களும் உண்டு. செய்தியையும் மக்கள் இந்த மூன்று விதமாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள் என்கிறார் ஹோல். நான் எழுந்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மடுவத்துக் கதையைச் சொன்னேன். ஆசிரியை பலகையில் தான் எழுதியிருந்ததை அழித்துவிட்டு ஒரு தராசை வரைந்தார். அன்று இரவு வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். இங்கிலாந்தில் இந்தப் படிப்புக்கு வித்திட்ட ரேமண்ட் வில்லியம்ஸும் ரிச்சர்ட் ஹொகார்ட்டும், இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு வயதுவந்தவர்களுக்கு வகுப்பு நடத்தியவர்கள். வில்லியம்ஸின் அப்பா ரயில்வேயில் சிக்னல்காரர். ஹொகார்ட் சிறுவயதிலேயே தாய் தகப்பனை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். வேலை முடிந்து களைத்து வந்து உட்கார்ந்தவர்கள் கேட்ட கேள்விகளிலிருந்துதான் இந்தப் படிப்பின் பெரும்பகுதி கிளம்பியிருக்கிறது. வயது கடந்து வந்துவிட்டோமோ என்ற கூச்சம் அதோடு எனக்குப் போய்விட்டது.

எங்கே சேர்வது என்று முடிவெடுக்கத்தான் நாள் பிடித்தது. ஒரு பல்கலைக்கழகத்தில் ஆலோசனை சொல்ல இருந்தவர் என் சான்றிதழ் உறையைத் திறக்கவே இல்லை. என்ன வேலை என்று கேட்டார். பராமரிப்புத் துறைப் பாடநெறியின் தாளை என் முன் தள்ளினார். வீடு வந்து சேரும் வரை கோபம் தணியவில்லை.

பத்திரிகையாளராகவே பயிற்றுவிக்கிற பட்டங்கள் இருக்கின்றன. நிமிடத்துக்கு 100 சொல் சுருக்கெழுத்து எழுதப் பழக்குவார்கள். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் நான் விசாரித்த இடங்களில் பகல் வகுப்பு. வாடகை யார் கட்டுவது? திறந்த பல்கலைக்கழகத்தை நினைத்து இரண்டு மாதம் தடுமாறினேன். நம் இலங்கையிலும் அந்தப் பெயரில் ஒன்று இருக்கிறது. இங்குள்ளது மூத்தது, 1971-ல் பாடம் நடத்தத் தொடங்கியது. பெரும்பாலான பட்டங்களுக்குப் பழைய சான்றிதழ் எதையும் கேட்பதில்லை. ஹோலும் 1979-லிருந்து அங்கேதான் பேராசிரியராக இருந்தார். ஆனால் வீட்டிலிருந்தே படிக்க வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே மேசை. அதில்தான் சாப்பாடும் சின்னவளின் வீட்டுப்பாடமும். அதைவிட, எனக்கு எதிரே ஆள் வேண்டும், அம்மா. நான் சொல்வதைக் கேட்டு "அப்படி இல்லை" என்று முகத்துக்கு நேரே மறுக்க ஆள் வேண்டும்.

கடைசியில் பேர்க்பெக்கைத் தேர்ந்தெடுத்தேன். லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதியாக மாலை 6 மணியிலிருந்து 9 மணிவரை வகுப்பு. ஈஸ்ட் ஹாமில் ஏறினால் ரயில் மாறாமல் யூஸ்டன் ஸ்குவெயரில் இறங்கி நடந்துவிடலாம். தொழிலாளர்கள் படிப்பதற்கென்று 1823-ல் தொடங்கிய இடம். அந்த எண்ணைப் பார்த்ததும் திகைத்துப் போனேன். நம்மவர்களை மலைக்குக் கொண்டுவந்த வருடமாக நாம் கணக்கு வைத்திருப்பதும் அதுதானே. 200 வருடம் ஆகிறது என்று 2023-ல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்களே.

கண்ணு, இது உனக்கு. நாளைக்கு நீயும் விண்ணப்பிக்கும்போது பட்டத்தின் பெயரைப் பார்த்து மயங்காதே. ஏறக்குறைய ஒரே பெயரில் பல இடங்களில் இருக்கும். உள்ளே உள்ள பாடங்களை ஒவ்வொன்றாக வாசித்தால், ஒன்றில் முழுக்க விளம்பரமும் வியாபாரமும், ஒன்றில் சினிமா, ஒன்றில் ஏட்டுப் படிப்பு மட்டும். ஒலிப்பதிவுக் கருவியைக் கையில் தருவார்களா, பரீட்சையா கட்டுரையா, கடைசி வருடத்தில் நானே ஒரு விஷயத்தை எடுத்து ஆராயலாமா என்று கேட்டுக்கொண்டுதான் நான் முடிவெடுத்தேன். மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியம். பட்டத்துக்கு 360 கிரெடிட், அதாவது பாடங்களை முடித்துச் சேர்க்கிற புள்ளி, வேண்டும். வருடத்துக்கு 60 வீதம் எடுத்தால் 6 வருடம் ஆகும்.

அம்மா, கட்டணத்துக்கு மாணவர் கடன் எடுக்கிறேன். கடனா என்று பதறாதீர்கள். கிழமைக் கடன்காரர்கள் லயத்து வாசலில் வந்து குந்தியிருந்தது எனக்கும் மறக்காது. இது அப்படி இல்லை. கட்டணம் நேரே பல்கலைக்கழகத்துக்குப் போகும். என் வருடச் சம்பளம் 25,000 பவுணைத் தாண்டினால், தாண்டிய பணத்தில் மட்டும் நூற்றுக்கு 9 பிடிப்பார்கள். 26,000 வாங்கினால் வருடத்துக்கு 90 பவுண். சம்பளம் குறைந்தால் பிடிப்பும் நின்றுவிடும். வட்டி உண்டு, மறைக்கவில்லை. ஆனால் 40 வருடத்தில் மிச்சம் இருப்பதைத் தள்ளிவிடுவார்கள். டிப்ளோமாவுக்கு வாங்கிய கடனும் இந்தப் பட்டத்தை முடித்தால் தள்ளுபடி.

செய்தி படித்து நம் சனத்துக்கு என்ன கிடைத்தது என்று அண்ணன் கேட்டார். அண்ணா, வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில் பத்திரிகையாளரும் தொழிற்சங்கத் தலைவருமான நடேசய்யர் துணி வியாபாரி போல உள்ளே போய்ப் பார்த்தார். 1921-ல் 'தேசநேசன்' பத்திரிகை வந்தது. அவருடைய தோட்டத் தொழிலாளர் சங்கம் 1931-ல்தான் வந்தது. பத்திரிகைதான் முந்தியது. அவர் மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளர் படுகிற பாட்டைப் பாட்டாகவே கட்டிக் கூட்டங்களில் பாடினார். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்கு அவர் குரல்தான் பத்திரிகை.

இனி நான் கேட்க நினைத்தது. உங்கள் தகரப் பெட்டியில் என் உயர்தரச் சான்றிதழுக்குக் கீழே ஒரு பழைய கடிதம் இருக்கும். 2007-ல், ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்கு நேர்முகத் தேர்வுக்கு வரச்சொல்லி வந்தது. லயத்துக்கு வீட்டு இலக்கம் இல்லை, கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். அங்கே அது இழுப்பறையில் கிடந்து, தேர்வு முடிந்து ஆறு நாள் கழித்து என் கைக்கு வந்தது. நீங்கள் மலையிலிருந்து இறங்கி வந்து, இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல், அந்தக் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "இதில் எந்த இடத்தில் தேதி இருக்கிறது?" என்று கேட்டீர்கள். நான் தொட்டுக் காட்டினேன். அதன்மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் நின்றீர்கள். கொழுந்துக் கறை படிந்த அந்த விரல் இப்போதும் என் கண்முன் இருக்கிறது.

கடைசி வருட ஆய்வுக்கு அதைத்தான் எடுக்கப் போகிறேன். விலாசம் இல்லாத லயங்களுக்குக் கடிதம் எப்படி வந்தது, எங்கே தங்கியது, யார் படித்துக் காட்டினார்கள், எதை விட்டார்கள் என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு இன்னும் பல வருடம் இருக்கிறது. ஆனால் காகிதம் ஈரத்தில் நைந்துகொண்டிருக்கும். கடைசிக் காம்பரா அக்காவிடம் அவருடைய பழைய கடிதங்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். அதற்கு முன், நான் மேலே எழுதியதை அண்ணன் மகள் அவருக்கும் படித்துக் காட்டட்டும். அவர் ஏசினால் ஏசட்டும். அதையும் எனக்கு எழுதுங்கள்.

சான்றிதழையும் அந்த 2007 கடிதத்தையும் அண்ணன் ஹட்டனுக்குப் போகும்போது பதிவுத் தபாலில் போடச் சொல்லுங்கள். உறையையும் சேர்த்து வைக்க வேண்டும், தபால் முத்திரைத் தேதி அதில்தான் இருக்கிறது. பொலித்தீனில் சுற்றி, முத்திரை விழுந்த பக்கம் மடியாமல் பார்த்துக்கொள்ளட்டும். இந்தக் கடிதத்தை வழக்கம்போல டவுன் கடை விலாசத்துக்கே அனுப்புகிறேன். கிடைத்த தேதியை அண்ணன் மகள் குறித்து வைக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் மகள்